பாதிக்கப்பட்டவர் கட்டம்

முதல் துரோகம், மில் மூடுவதற்கு முந்தின வருடம் தை மாதம், தங்கச்சி மகள் கல்யாணத்தில் நடந்தது. தாய்மாமன் என்று மாலை போட்டு மணவறையில் நிறுத்தியிருந்தார்கள். தாலி ஏறுவதற்குள் மாலையைக் கழற்றி யாரோ ஒருவன் கையில் திணித்துவிட்டு மண்டபத்தின் பின்பக்கம் ஓட வேண்டியதாயிற்று. இரண்டாவது, அதே வருடம் மே தினம். கொடிக்கயிறு கையில், கொடி பாதிக் கம்பத்தில், முந்நூறு பேர் முஷ்டி உயர்த்தி நிற்கிறார்கள். கயிற்றை அப்படியே விட்டுவிட்டு எதிரே இருந்த சினிமாக் கொட்டகைக்குள் நுழைந்தார். கொடி இழவுக்குப் பறப்பதுபோல் பாதியிலேயே தொங்கியது. மூன்றாவது, அடுத்த வருடம் ஆடி, மில் அலுவலகம், பேச்சுவார்த்தை மேசை. இதை ஒதுக்கிவைத்துவிட்டு நாலாவதற்குப் போனால் என்ன என்று மனம் நைசாகக் கேட்டது. கூடாது. குற்றப்பத்திரிகையில் தேதி முன்பின்னாக இருந்தால் எதிராளி அந்த ஓட்டை வழியாகவே நழுவிவிடுவான் என்று எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். மூன்றாவது, மில் அலுவலகம். சரி, பெயர் பதிவாகிவிட்டது, விவரம் பிறகு. நாலாவது, ஏழு வருடத்துக்கு முன், அண்ணன் சாவு. பாடைக்குத் தோள் கொடுத்து வந்தவர் ஆற்றுப்பாலத்துப் பக்கத்தில் தோள் மாற்றிக்கொண்டு கருவேலங்காட்டுக்குள் புகுந்தார். திரும்பி வந்தபோது நெருப்பு வைத்து முடிந்திருந்தது. ஐந்தாவது, போன கார்த்திகை, பஸ் ஸ்டாண்டுக் கழிப்பறை வாசல். கதவில் உள்ளங்கை அகலப் பூட்டு. அந்தப் பூட்டைப் பிடித்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே, அறுபத்து மூன்று வயதில், வெள்ளை வேட்டியில். இந்த ஐந்து குற்றங்களையும் செய்த எதிராளி முதலாளியும் இல்லை, அரசாங்கமும் இல்லை. தொப்புளுக்குக் கீழே சுருண்டு கிடக்கும் இருபதடிக் குடல். வாழ்நாள் முழுக்க எதிரியை வெளியே தேடியவனுக்கு வயிற்றுக்குள்ளேயே ஒரு கருங்காலி.

சமுதாயக் கூடத்தின் கடைசி வரிசையில், கதவை ஒட்டிய நாற்காலியில் இருளப்பன் உட்கார்ந்திருந்தார். எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் கதவோரம்தான். தலைவர் என்றாலும் பின்னால் உட்காரும் எளிமை என்று ஊரில் அதற்கும் ஒரு பெயர் உண்டு, எளிமையாவது மண்ணாவது. பண்ணைக்குறிச்சி நகராட்சி, பதினோராவது வார்டு, பகுதி சபைக் கூட்டம், காலை பத்தரை மணி. ஃபினாயில் போட்டுத் துடைத்த தரையில் நேற்று நடந்த சடங்கு வீட்டுச் சாம்பார் வாடை இன்னும் எழுந்துகொண்டிருந்தது. மேடையில் கவுன்சிலர் அம்மாள், பக்கத்தில் நகராட்சி எழுத்தர் கோமதிநாயகம், அவருக்கு முன்னால் மனுக்கட்டு. எழுத்தர் விரலை நாக்கில் தொட்டுத் தாளைப் புரட்டினார். அடுத்த தாளுக்கு மறுபடி நாக்கு. எத்தனை வீட்டுக் கை பட்ட தாள்கள் அவை. இருளப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பஸ் ஸ்டாண்டுக் கழிப்பறை பூட்டி இரண்டு வருடமாகிறது. உள்ளே யாருடைய பிறந்த நாளுக்கோ அடித்த தட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். முதல் மனுவை அவர்தான் எழுதினார், நாலு பக்கம், பொதுமக்கள் சார்பாக. 'பாதிக்கப்பட்ட நபர் எவரும் குறிப்பிடப்படவில்லை' என்று திரும்பி வந்தது. இரண்டாவது மனுவை இன்னும் காரமாக எழுதினார், ஆறு பக்கம், உழைக்கும் மக்கள் சார்பாக. அதே ஒற்றை வரியோடு அதுவும் திரும்பியது. முப்பத்தைந்து வருடமாக மக்கள் மக்கள் என்றே எழுதிப் பழகிய கைக்கு ஓர் ஆளின் பெயரை எழுத வேண்டும் என்பது மூன்றாவது தடவைதான் உறைத்தது. படிவத்தில் இரண்டு கட்டம். ஒன்று மனுதாரர், மற்றது பாதிக்கப்பட்டவர்; அதற்குக் கீழே பாதிப்பு என்ன, எவ்வளவு காலமாக. இந்த நகராட்சியில் ஒரு வழக்கம், பொய் மனு வராமல் தடுக்க யாரோ ஒரு பழைய அதிகாரி வைத்தது: சபையில் மூன்று பேர் சாட்சியாக எழுந்து நிற்க வேண்டும், அவர்கள் முன்னால் இரண்டு பெயரையும் பாதிப்பையும் உரக்க வாசிக்க வேண்டும், அப்புறம்தான் தீர்மானம். இன்று நிறைவேறாவிட்டால் அடுத்த வாரம் அந்தக் கட்டடத்தைக் கடைகளுக்கு ஏலம் விடப்போகிறார்கள். அறிவிப்பு ஒட்டியாகிவிட்டது. இந்த முறை கட்டத்தில் பெயர் இருந்தது. பஸ் ஸ்டாண்டில் பூ விற்கும் பேச்சியின் பெயர். அவள் படும் பாட்டை அவரே எழுதியிருந்தார், காலை ஆறிலிருந்து இரவு எட்டு வரை சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் இருப்பதை, மூத்திரக்கடுப்பை, காய்ச்சலை, எல்லாவற்றையும். நல்ல எழுத்து. படித்தால் கல்லும் கரையும்.

அந்தப் பேச்சிதான் பெண்கள் வரிசையிலிருந்து எழுந்து சுவரை ஒட்டியே நடந்து அவரிடம் வந்தாள். தலையில் கொண்டை, கொண்டையில் பூ இல்லை, விற்கிறவள் வைத்துக்கொள்வதில்லை.

"அண்ணாச்சி, என் பேரை எடுத்துருங்க."

"என்னம்மா சொல்லுத? மனு மேசைக்குப் போயாச்சே."

"மேசையிலதான இருக்கு, மேலோகத்துலயா இருக்கு? வாங்கி அடிச்சிருங்க. ஞாயித்துக்கிழம எம் மவளப் பொண்ணு பாக்க வாராவ. மாப்பிள்ளையோட பெரியம்மா அந்தா மூணாவது வரிசையில உக்காந்துருக்கா, பச்சைச் சேலை. அவ காதுபட எனக்கு ஒண்ணுக்கு அடங்கலன்னு வாசிச்சா வெளங்குமா?"

"இது போராட்டம் பேச்சி. கூச்சப்பட்டா..."

"போராட்டந்தான். கூச்சம் எனக்கு, எழுத்து உங்களுக்கு." குரலைத் தாழ்த்தினாள். "வேற ஆளா இல்ல? உங்களுக்குத் தெரியாததா அண்ணாச்சி."

போய்விட்டாள். பழைய தபால்காரரின் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்றும் நடக்காததுபோல் கொட்டாவி விட்டாள்.

உங்களுக்குத் தெரியாததா. அவள் குத்திக்காட்டவில்லை, அது அவள் சுபாவமில்லை. கார்த்திகையில் அந்தப் பூட்டின் முன்னால் அவர் நின்றபோது, பூவுக்குத் தெளிக்கிற தண்ணீர் வாளியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, சேலைத் தலைப்பை விரித்துப் பிடித்து, முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றவள் அவள். அன்றிலிருந்து இன்றுவரை ஒரு வார்த்தை இல்லை. அந்த மௌனம்தான் அவருக்குத் தாங்கவில்லை. யாராவது சிரித்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். வேறு ஆள். வேறு ஆள் யார். டிரைவர் கண்டக்டர்கள் வர மாட்டார்கள், அவர்களுக்கு டெப்போ இருக்கிறது. கரும்புச்சாறு விற்கிறவன் பூட்டின் மீதே ஒன்றுக்கு அடிக்கிற ஜென்மம். ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்கள் கவுன்சிலர் அம்மாளின் ஆட்கள். அப்படி ஒவ்வொரு முகமாகக் கழித்துக்கொண்டே வரும்போது வயிற்றின் இடதுபுறம் கீழே, வழக்கமான அந்த மூலையில், ஈரத்துணியை யாரோ முறுக்கத் தொடங்கினார்கள். வந்துவிட்டான். நெற்றியில் முள் முள்ளாக வேர்த்தது. கண் தானாகக் கதவைப் பார்த்தது, கதவிலிருந்து நடை, நடையின் கோடியில் கழிப்பறை, பதினான்கு எட்டு. வரும்போதே அளந்திருந்தார், அந்தக் கதவில் கொக்கி மட்டும்தான், பூட்டில்லை, உள்ளே தண்ணீர் இருக்கிறதா என்றும் எட்டிப் பார்த்திருந்தார். வாளியில் கால்வாசி, மேலே கொசுக்குஞ்சு. ஊரில் எந்தச் சந்தில் எந்த மூத்திரப்புரை, எதற்குத் தாழ்ப்பாள் உண்டு, எது எத்தனை மணிக்கு நாறும், எல்லாம் அவருக்கு அத்துப்படி. ஒரு காலத்தில் எந்தத் தெருவில் போலீஸ் நிற்கும், எந்தச் சந்து வழியாகத் தப்பலாம் என்று மனதுக்குள் படம் போட்டு வைத்திருந்த அதே புத்தி. இந்த நாற்றப் படத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. முறுக்கு கொஞ்சம் தளர்ந்தது, காற்று மட்டும் குடுகுடுவென்று நகர்ந்தது. பக்கத்து நாற்காலிக்குக் கேட்டிருக்குமா.

பக்கத்து நாற்காலியில் செபஸ்தி. மில்லில், ரிங் பிரேம் நூற்பு மெஷினில் முப்பது வருடம் சேர்ந்து வேலை பார்த்தவன், சங்கத்தின் துணைச் செயலாளர், சங்கம் இருந்தவரைக்கும். இரண்டு கையிலும் வெங்காய போண்டா, விரலிடுக்கில் எண்ணெய்.

"தின்னும்வே, நகராட்சி போண்டா. நம்ம வரிப்பணம்."

"வேண்டாம்."

"போண்டாவையும் பகிஷ்கரிக்கீரோ? முதலாளி டீ குடிக்க மாட்டீரு, முனிசிபாலிட்டி போண்டா திங்க மாட்டீரு. உம்ம கொள்கையில வயிறுதாம்வே காயுது." வாய் நிறைய மென்றுகொண்டே சிரித்தான், கடைவாயில் வெங்காயம் தெரிந்தது. "பேச்சி என்னவாம்?"

"ஒண்ணுமில்ல. எப்ப வாசிப்பாங்கன்னு கேட்டா."

பொய். வயிறு விஷயத்தில் மட்டும் அவர் வாயில் பொய் எச்சில்போல ஊறும். மனைவி பூரணம் அதைத்தான் சொல்வாள், "ஊரு வயித்துக்கெல்லாம் மேடை போட்டுப் பேசுதீய, ஒங்க வயித்தப் பத்திப் பேச வாய் வரலியே." அவள்தான் சீட்டு எழுதி, முன்னால் நடந்து, தாலுகா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். அதற்கு முன்பு பத்து வருடமாக, புற்று என்றே அவர் முடிவு செய்து வைத்திருந்தார். வீரமாகச் சாவதற்குத் தயார்ப்படுத்தியும் வைத்திருந்தார், இரங்கல் துண்டுப்பிரசுரத்தின் முதல் பத்திகூட மனதில் ஓடியிருந்தது. அந்த டாக்டர், ஜெரீனா என்று பெயர், மகள் வயதுதான் இருக்கும், ஒவ்வொன்றாகக் கேட்டாள். ரத்தம் போகிறதா, இல்லை. எடை குறைந்ததா, இல்லை. காய்ச்சல், இல்லை. தூக்கத்தில் எழுப்புகிறதா. யோசித்தார். இல்லை, தூங்கினால் அதுவும் தூங்கிவிடுகிறது. ரத்தம் எடுத்தாள், மலம் கொண்டுவரச் சொன்னாள். அந்தச் சின்ன டப்பாவைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்த அரைமணி நேரம், தன் மலத்தைத் தன் நெஞ்சுக்கு நேராகச் சுமந்த அரைமணி நேரம், நினைத்தால் இப்போதும் தொண்டையில் புளிக்கிறது. ஜில்லா ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்தார்கள். எல்லாம் முடிந்து அவள் சொன்னாள், "அய்யா, புண்ணு இல்ல, கட்டி இல்ல, பூச்சி இல்ல. இது எரிச்சல் குடல்னு சொல்லுவோம். உயிருக்கு ஒண்ணும் பண்ணாது. ஆனா முழுசா விட்டும் போகாது. நாமதான் பழக்கி வச்சுக்கணும்." அவருக்கு ஏமாற்றமாக இருந்தது. புற்று என்றால் ஒரு கௌரவம் உண்டு. எரிச்சல் குடலாம், எரிச்சல். "அப்போ இது மனசுல வாரதுன்னு சொல்லுதீங்களா? நான் பொருள்முதல்வாதி, எனக்கு ஆவி, மனசு, இதுல எல்லாம் நம்பிக்கை இல்ல" என்றார், ஆஸ்பத்திரி என்றும் பாராமல் மேடைக் குரலில். வரிசையில் நின்ற கிழவிகள் எட்டிப் பார்த்தார்கள். டாக்டர் கோபப்படவில்லை. "எங்க வேலை பாத்தீங்க?" என்றாள். மில்லில், பிட்டர். "நூல் அறுந்தா மெஷின் நிக்குமில்ல? நூல் அறாமலே, ஒரு தூசி பட்டதுக்கே நின்னா என்ன செய்வீங்க?" உணர்வுக் கம்பியில் விறைப்பு அதிகம், தளர்த்தி வைக்க வேண்டும் என்றார். "மெஷின்ல கோளாறா?" இல்லை. "மெஷின் அதோட பிரமையில நிக்குதா?" அதுவும் இல்லை, கம்பி நிஜம். "அவ்வளவுதான். மூளைக்கும் குடலுக்கும் நடுவுல கம்பி ஓடுது. உங்களுக்கு விறைப்பு கூட." நாற்பது வருடத்தில் அவரை வாதத்தில் மடக்கியவர்கள் குறைவு. அவள் மடக்கிவிட்டு, அடுத்த சீட்டைக் கூப்பிட்டுவிட்டாள்.

கம்பியைத் தளர்த்துகிற வேலை கேவலமான வேலையாக இருந்தது. ஒரு நோட்டு போடச் சொன்னாள். என்ன தின்றோம், குடல் என்ன செய்தது, அன்றைக்கு என்ன நடந்தது, மூன்று பத்தி. சரித்திரம் எழுத வேண்டிய கை, 'காலை எட்டு மணி, இரண்டு தடவை, தண்ணீராக, சளியோடு' என்று எழுதியது. பழைய துண்டுப்பிரசுரக் கட்டுகளுக்கு நடுவே அந்த நோட்டை ஒளித்து வைத்தார். ஆறு வாரம் கழித்துப் புரட்டிப் பார்த்தால், ஒழுங்காக எழுதப்பட்ட எந்த நோட்டும் செய்கிற காரியத்தை அதுவும் செய்திருந்தது, உண்மையைச் சொல்லியிருந்தது. வெறும் வயிற்றில் பால் டீ குடித்த நாள், கெட்ட நாள். பரோட்டாவும் வெங்காயமும், கெட்ட நாள். மோர் பரவாயில்லை, கெட்டித் தயிரும் பரவாயில்லை. சங்க வேலை என்று மதியச் சாப்பாட்டை நாலு மணிக்குத் தள்ளிய நாள், கெட்ட நாள். ஆனால் ரசஞ்சோறு மட்டும் தின்றும் கெட்டுப்போன நாட்கள் சில இருந்தன, அவற்றின் மூன்றாவது பத்தியில், பார்த்தபோது, ஒரே சங்கதி: மில் கேட் வழியாகப் போனேன். மில் கேட் வழியாகப் போனேன். செபஸ்தி வீட்டுக்குப் போனேன். நோட்டை மூடி வைத்தார். அதற்கப்புறம் நேரத்துக்குச் சாப்பிட்டார், கொஞ்சம் கொஞ்சமாக. இரவில் இசப்கோல் பொடியைத் தண்ணீரில் கரைத்து, சளிபோல் வழுக்கும் அந்தக் குழம்பைக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். சாயங்காலம் குளக்கரையில் நடந்தார். மல்லாந்து படுத்து, டாக்டர் சொன்னபடி வயிற்றை உப்பி மூச்சு விட்டார், தவளை மாதிரி. பதினாலு நாளில் மூன்று நல்ல நாள் இருந்தது ஒன்பதாயிற்று. குணம் என்று இல்லை, ஒப்பந்தம். பாதிக் கோரிக்கைக்குக் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம்.

கையெழுத்து. சுற்றிச் சுற்றி மனம் அந்த மேசைக்குத்தான் வந்து நிற்கும், செக்குமாடு. மூன்றாவது குற்றம், விவரம். ஆடி மாதம், மாலை நாலு மணி. மில்லை மூடுகிறோம், எல்லோரும் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுங்கள் என்று மானேஜர். இந்தப் பக்கம் கமிட்டியார் ஐந்து பேர். காலை பத்து மணியிலிருந்து பேச்சு, மானேஜர் கொடுத்த டீயைக்கூட மறுத்துவிட்டு வயிற்றைக் காயப்போட்டிருந்தார். தாளை மானேஜர் மேசைமேல் தள்ளினார். எல்லோரும் இவர் முகத்தைப் பார்த்தார்கள். அந்த நொடியில்தான் ஈரத்துணி முறுக்கிற்று. நாற்காலி பின்னால் விழ எழுந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை, பேசினால் அடக்க முடியாது, கதவைத் தள்ளிக்கொண்டு போனார், கேட்டைத் தாண்டி, எதிர்ச்சாரி ஓட்டலின் பின்கட்டுக்கு. அரைமணி கழித்து வெளியே வந்தால் கேட் முன்னால் நானூறு பேர், மாலை, கோஷம். இருளப்பன் வெளிநடப்புச் செய்துவிட்டார். மற்ற நாலு பேரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். தோளில் தூக்கினார்கள். தூக்கினவர்களிடம் அவர், இல்லையப்பா, என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம். வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறதே, இறக்கிவிட்டால் போதும் என்று மட்டும் நினைத்தார். மறுநாள் சுவரொட்டி வந்துவிட்டது. வெளிநடப்பு இருளப்பன் என்று பெயர் வந்துவிட்டது. மற்ற நாலு பேரில் மூன்று பேர் செத்துப்போனார்கள், மிச்சம் செபஸ்தி. கையெழுத்துச் செபஸ்தி. அவன் வீட்டுக் கதவில் சாணி அடித்தார்கள். அவன் மகன் திருப்பூருக்குப் போனவன் போனவன்தான். இருந்திருந்தால், அந்த நாற்காலியில் அந்த நிமிடம் இருந்திருந்தால், தானும் கையெழுத்துப் போட்டிருப்போமா. நிச்சயம் போட்டிருப்போம் என்று ஒரு நாள் தோன்றும், செத்தாலும் போட்டிருக்க மாட்டோம் என்று மறுநாள் தோன்றும். தெரியாது. குடல் அந்தப் பதிலைத் தின்றுவிட்டது. பதினோரு வருடமாக அவன் இவர் பக்கத்தில்தான் உட்காருகிறான், எந்தக் கூட்டமானாலும். ஊர் துப்பும்போது, துப்பாத ஒருத்தன் என்று நினைத்துப் பக்கத்தில் உட்காருகிறான். சீ.

மேடையில் எட்டாவது மனு ஓடிக்கொண்டிருந்தது, தெருவிளக்கு. பன்னிரண்டாவது அவருடையது. எழுந்து போய் எழுத்தரிடம், ஒரு திருத்தம் இருக்கிறது என்று சொல்லிப் படிவத்தை வாங்கினார். கிழித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம், அதுதான் சுலபம். கடை வரட்டும், ஊரே ரோட்டில் போகட்டும். நாற்காலிக்குத் திரும்பி மடியில் வைத்துக்கொண்டார். பேச்சி என்ற பெயர் அவருடைய அழகான கையெழுத்தில் இருந்தது. அந்த எழுத்தின் அழகைப் பார்க்கப் பார்க்கக் குமட்டிற்று. அடுத்தவள் மூத்திரத்தைப் பற்றி எவ்வளவு கம்பீரமாக எழுதியிருக்கிறான் இந்தப் பயல். தன்னுடையது என்றால் நோட்டுக்குள் ஒளித்து வைக்கிறான். வயிறு மறுபடி முறுக்கியது, பலமாக. பதினான்கு எட்டு. மூச்சை இழுத்து வயிற்றை உப்பினார், மெதுவாக விட்டார், தவளை, தவளை, இன்னொரு தடவை. பேச்சியின் பெயரை அடித்தார். அவள் துன்பத்தையும் ஒரு வரி விடாமல் அடித்தார். பக்கத்தில் எழுதினார். அழகாக வரவில்லை. 'எரிச்சல் குடல் நோய். அடக்க முடியாது. கார்த்திகை மாதம் பூட்டிய கதவின் முன் வேட்டியிலேயே கழிந்தேன்.' எவ்வளவு காலமாக என்ற கட்டத்தில் பேனா நின்றது. ஒரு வருடம் என்று போடலாம். யாருக்குத் தெரியும். போன கார்த்திகையிலிருந்து என்று போட்டால் பொய்கூட இல்லை.

'பன்னிரண்டு ஆண்டுகளாக' என்று எழுதினார்.

"என்னவே இது?" செபஸ்தி சாய்ந்து படித்துக்கொண்டிருந்தான். கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கி மறுபடி படித்தான். விரலில் எண்ணினான், மூடின வருடம், அதற்கு முந்தின வருடம். எண்ணெய் விரல்.

"அன்னைக்கும் இதானா?"

"ஆமா" என்றார்.

"வெளிநடப்பு?"

"இல்ல. எதிர்ச்சாரி ஓட்டல். பின்கட்டு."

செபஸ்தி சிரிப்பான் என்று ஒரு நொடி தோன்றியது. அவன் முகம் அதற்கான ஆயத்தத்தைக்கூடச் செய்தது. பிறகு எல்லாம் ஒன்றாகக் கீழே இறங்கிற்று.

"எம் பொண்டாட்டி சாவுற வரைக்கும் உம்மக் காட்டித்தாம்வே என் மூஞ்சில காறித் துப்புனா. ஆம்பளைன்னா அவருன்னு. நான் ஒரு நாளாவது உம்மக் கொற சொல்லியிருப்பனா? வாயத் தொறந்து ஒரு வார்த்த, செபஸ்தி, எனக்கு வயித்தால போச்சுடான்னு. நான் யாருட்டயும் சொல்லியிருக்க மாட்டேன், சவத்து மூதி, எனக்கு மட்டும் தெரிஞ்சிருந்தாப் போதுமே."

"கூச்சமா இருந்திச்சு."

"கூச்சம்." அந்தச் சொல்லைக் கெட்டுப்போன சோற்றை முகர்வதுபோல் முகர்ந்தான். எழுந்தான். நாற்காலிகளை இடித்துக்கொண்டே நடந்துபோய் முதல் வரிசையில், எவனுக்கோ பக்கத்தில், முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டான்.

படிவத்தை எழுத்தர் மேசையில் கொடுத்தவர் தன் நாற்காலிக்குத் திரும்பவில்லை. நடைப்பக்கம் போனார், பதினான்கு எட்டு, கொக்கி, கொசுக்குஞ்சு மிதக்கும் கால்வாளித் தண்ணீர். குத்தவைத்து, சுவரில் யாரோ கரிக்கட்டியால் வரைந்த முலைகளைப் பார்த்தபடி, கூடத்தின் ஒலிபெருக்கி பத்தாவது மனுவை வாசிப்பதைக் கேட்டார். பதினொன்று. இங்கேயே இருந்துவிடலாம். மனுதாரர் இல்லை என்று தள்ளிவிடுவார்கள். ஏதோ அவசர வேலை, போய்விட்டார் என்பார்கள். அதற்கும் ஊரில் ஒரு நல்ல பெயர் கிடைக்கும், கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டார் என்று. எவ்வளவு சுலபம். ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, குந்தியிருந்தால் போதும், பெயர் தானாக வளரும். அந்த நினைப்பின் வாடை அந்த அறையின் வாடையைவிட மோசமாக இருந்தது. கழுவினார். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வந்தார். இந்தத் தடவை கதவோரத்தில் உட்காரவில்லை. நடுவில், நடைபாதையில், நின்றார்.

"மனு எண் பன்னிரண்டு, பஸ் ஸ்டாண்டுக் கழிப்பறை" என்றார் கோமதிநாயகம். "சாட்சி மூணு பேர் எந்திரிங்க."

தபால்காரரின் மனைவி எழுந்தாள், பேச்சி பின்னாலிருந்து அவள் முழங்கையைத் தள்ளினாள். சைக்கிள் கடை இப்ராகிம் ராவுத்தர் எழுந்தார். மூன்றாவது ஆள் இல்லை. எழுத்தர் தாளைப் பார்த்தார், இருளப்பனைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். ஒலிபெருக்கியிலிருந்து வாயை விலக்கிக்கொண்டு, "அண்ணே, இதை அப்படியே வாசிக்கணுமா?" என்றார்.

"அப்படியே."

"பொம்பளையாளுக இருக்காங்க."

"அவுகளுக்கும் வயிறு இருக்கு. வாசிங்க."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பச்சைச் சேலைக்காரி திரும்பிப் பார்த்தாள். கவுன்சிலர் அம்மாள் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "மூணாவது சாட்சி இல்லன்னா அடுத்த மனுவுக்குப் போலாம்" என்றார். இருளப்பன் யாரையும் பார்க்கவில்லை. யாரிடமாவது கேட்க அவருக்கு வாய் வரவில்லை, அது பெருமையா, வேறு ஏதாவதா என்று பிரித்துப் பார்க்கவும் தெம்பில்லை. முதல் வரிசையில் ஒரு நாற்காலி தரையைக் கீறிக்கொண்டு நகர்ந்தது. செபஸ்தி எழுந்து நின்றான். திரும்பவில்லை, முதுகுதான் தெரிந்தது, சட்டையில் வேர்வை இறங்கிய முதுகு.

எழுத்தர் தொண்டையைச் செருமிக்கொண்டு முணுமுணுவென்று ஆரம்பித்தார்.

"கேக்கல" என்றான் செபஸ்தி. "சத்தமா வாசியும்யா. நான் சாட்சி. எங்காதுல விழணும்."

கோமதிநாயகம் ஒலிபெருக்கியை வாயருகே இழுத்து, ஒவ்வொரு சொல்லாக, கூடத்தின் கடைசிச் சுவர் வரை கேட்கும்படி வாசித்தார்:

"மனுதாரர், வே. இருளப்பன். பாதிக்கப்பட்டவர், வே. இருளப்பன்."